நாலடி பாக்கி

மியூல் வாஷ் முகாமுக்குள் சாயங்காலம் ஒரு வண்டி நுழைந்தால் போதும், ஆளாளுக்கு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கிற அந்த அரிசோனா பாலைவனத்தில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? வருகிறவன் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்த டிரெய்லர் வீட்டை, இந்தப் பக்கம் பாறைக்கும் அந்தப் பக்கம் கள்ளிக்கும் நடுவே, தனக்கு ஒதுக்கிய மணல் மேடையில் பின்பக்கமாக ஓட்டி நிறுத்த வேண்டும். புருஷன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பான். பெண்டாட்டி பின்னால் நின்று கையைக் காட்டுவாள். அவன் அவளைத் திட்டுவான், அவள் அவனைத் திட்டுவாள், டிரெய்லர் இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் கள்ளியைப் பார்த்துப் போகும். நாற்காலிக் கூட்டத்துக்கு வேண்டியது அதுதான். வேடிக்கை பார்க்கலாம், வண்டி நின்ற பிறகு பீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நடுவில் யாரும் குரல் கொடுத்து வழி சொல்லக் கூடாது. அங்கே அது எழுதாத சட்டம்.

மொன்டானாக்காரர் லைல் மட்டும் வாயை மூட மாட்டார். பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி கிசுகிசுவென்று வர்ணனை செய்துகொண்டே இருப்பார். "வர்றான், வர்றான், கள்ளியைக் கட்டிப்பிடிக்கப் போறான், ஐயோ பாவம், முள்ளு குத்துமேடா!" என்கிற ரகம்.

ஆர்லன் வந்தால் மட்டும் கூட்டத்துக்கு நஷ்டம். இருபது வருஷமாகக் குளிர்காலம் தவறாமல் வருகிற மனிதர். ஒரே தடவைதான், கோடு போட்ட மாதிரி உள்ளே போய் நிற்பார். பின்னால் அவர் மனைவி வெல்டா கடைசியில் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைப்பாள், அவர் நிறுத்துவார், முடிந்தது கதை. ஆளுக்கொரு வாக்கிடாக்கி ரேடியோ வைத்துக்கொண்டு "வலது, வலது, ஐயோ உன் வலது இல்லை, என் வலது" என்று கத்துகிற ஜோடிகளைப் பார்த்தால் ஆர்லனுக்கு இளக்காரம். அவர்கள் வேடிக்கைக்கு நாற்காலி போட்டு உட்காருகிற ஆட்களைப் பார்த்தாலோ அதைவிட இளக்காரம். ஒரு நாள்கூட அந்த வரிசையில் அவர் உட்கார்ந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் இந்த வருஷம் தானே போய் ஒரு ஜோடி ரேடியோ வாங்கி வந்தார். "எத்தனை வருஷம்தான் நீ கையைத் தூக்கிக்கிட்டு நிப்ப? தோள் வலிக்கும்" என்றார். கிழவருக்கு இப்போதாவது தன் தோள் ஞாபகம் வந்ததே என்று வெல்டாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. குளிர்ந்ததற்காகப் பிற்பாடு தன்னையே அவள் திட்டிக்கொண்டாள்.

ஒரு மேடையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு மேடைக்கு மாற வேண்டும் என்பது முகாமின் சட்டம். ஆர்லனுக்கும் வெல்டாவுக்கும் வியாழக்கிழமை மாற வேண்டிய நாள். தண்ணீர் விவகாரம் நடந்தது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

அன்று காலை ஆர்லன் பிக்கப் வண்டியில் பீப்பாயை வைத்துக்கொண்டு நுழைவாசலுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து டிரெய்லரின் தொட்டியை நிரப்பினார். வெல்டா காபி போட்டாள். பாதிக் கோப்பை உள்ளே போயிருக்கும், முகாம் பொறுப்பாளர் ரோசலி பேட்டரி வண்டியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

"வெல்டாக்கா, காபி போட்டுட்டியா?"

"வா வா, உனக்கும் ஒண்ணு ஊத்தறேன்."

"ஐயோ தாயே, ஊத்தாதே! இருக்கறதையும் கீழ கொட்டு. உன் வீட்டுக்காரர் எந்தக் குழாய்ல பிடிச்சாரு தெரியுமா? கழிவுக் குழாய் அலசற குழாய்ல! தூரத்துலேர்ந்து கத்தறேன், காதுல விழல. பிடிச்சுக்கிட்டுப் போயே போயிட்டாரு."

வாசலில் டிரெய்லர்களின் கழிவைக் கொட்டுகிற இடத்தில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று அசிங்கத்தை அலச, மற்றது குடிக்க. வருஷக்கணக்காகக் குடிக்கிற குழாய் இடது பக்கம் இருந்தது. போன கோடையில் குழாய் வெடித்து, சரிசெய்தவர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். குடிக்காதே என்று ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். மண்டையோடு ஒன்றுதான் வரையவில்லை.

வெல்டா வாயிலிருந்ததை மணலில் துப்பினாள். வயிற்றுக்குள் போனதை என்ன செய்வது?

"ஏன்யா, அவ்வளவு பெரிய பலகை, கண்ணுல படலியா?" என்றாள்.

ஆர்லன் சிரித்தார். "லைலோட பேசிக்கிட்டே பிடிச்சிட்டேன். கவனிக்கல."

லைல் விடிந்ததும் விடியாததுமாக டவுனுக்குப் போனது வெல்டாவுக்குத் தெரியும். டயர் பார்க்கப் போகிறேன் என்று அவள் வாசலில் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு முழுவதும் அந்த வேலைதான். தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் ஊற்றி, ஊறவைத்து, அலசி, மறுபடி அலசினார்கள். ஆர்லன் ஒவ்வொரு திருகு மூடியையும் விரலால் தடவித் தடவித் திறப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு பீன்ஸும் சோள ரொட்டியும். அவர் எப்போதும் கை நீட்டி எடுக்கிற மிளகாய்ச் சாஸ் புட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தாள். கை பழைய இடத்துக்குப் போய் வெறும் மேஜையைப் பிடித்தது. பிறகு தானியம் பார்க்கிற கோழி மாதிரி தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடிப் புட்டியை எடுத்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் வெல்டா.

ஆர்லன் புட்டியைக் கீழே வைத்தார். "கோடையிலேர்ந்து. நடுவுல மட்டும்தான் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. இப்பக்கூட உன் மூஞ்சி தெரியல. காது தெரியுது. நல்ல காது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னான்?"

"வண்டி ஓட்டாதேன்னான்."

வெல்டாவுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பாள். பிளாஸ்டிக் தட்டு, எறிந்து என்ன பிரயோஜனம்? "அடப்பாவி! ஐடஹோவிலேர்ந்து இங்க வரைக்கும் என்னையும் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிட்டு வந்தியே! எதிர்ல எத்தனை லாரி, எத்தனை பள்ளிக்கூட பஸ்! நாம செத்தாத் தொலையுது, வயசாச்சு. அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீதான் சொல்லிக்கிட்டே வந்தியே, வெல்டா."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வாய் ஓயாது அவளுக்கு. லாரி வருது, வளைவு வருது, மெதுவாப் போ, பலகையில என்ன போட்டிருக்கான் பாரு என்று வழியெல்லாம் படித்துக்கொண்டே வருவாள். இருபது வருஷம் "சும்மா வாயேண்டி" என்று எரிந்து விழுந்த மனிதர் இந்தத் தடவை "சொல்லு, சொல்லிக்கிட்டே வா" என்றார். வயசானால் ஆம்பிளைகள் கனிவார்கள் என்று அவளும் நம்பினாள். அவளுடைய வாயைக் கண்ணாக வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார். ரேடியோ வாங்கியதும் அதற்குத்தான். அவமானமும் பயமுமாக அழுதாள். அவர் தட்டித் தடவி அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டாள்.

கண் போனதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த டிரெய்லரை வாங்கினார்கள். இதைத் தவிர வேறு வீடு கிடையாது. இது நகராவிட்டால் பாய்ஸி நகரத்தில் மகள் கொரின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கார் ஷெட்டுக்கு மேலே ஒரு அறையைக் கொரின் எப்போதோ தயார் பண்ணி வைத்துவிட்டாள், திரைச்சீலைகூட மாட்டியாயிற்று. நல்ல பெண், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அங்கே போய் உட்கார்ந்தால் ஆர்லன் ஒரு வருஷம் தாங்க மாட்டார். தானும் தாங்க மாட்டாள் என்பது வெல்டாவுக்கு நன்றாகத் தெரியும்.

"லைலைக் கூப்பிடலாமா? மேடை மாத்தித் தருவாரு" என்றார் ஆர்லன், சின்னக் குரலில்.

"கூப்பிடு. சாயங்காலத்துக்குள்ள இந்தப் பாலைவனத்துல இருக்கற ஓணானுக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சுடும். சரி, வியாழக்கிழமை லைல் ஓட்டுவாரு. மார்ச்ல ஐடஹோவுக்குத் திரும்ப யாரு ஓட்டுவா? அடுத்த வருஷம்? லைலைத் தத்து எடுத்துக்கலாமா?"

அவர் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடு" என்றாள்.

சண்டைபோடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பையில் கையை விட்டு எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். சண்டைபோட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடைக்குப் போக பிக்கப்பை மட்டும் தனியாக ஓட்டியிருக்கிறாள் வெல்டா. பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஒரு நாளும் ஓட்டியதில்லை. வியாழக்கிழமை காலை ஆர்லன் கொக்கியையும் சங்கிலியையும் கையால் தடவியே மாட்டினார். ஒரு பிழை இல்லை. வெல்டா ஓட்டுகிறவர் சீட்டில் ஏறுவதைப் பார்த்து லைல் எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன அக்கா, ராஜாங்கம் கை மாறிடுச்சு போல!"

"இவருக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு. கழிவைக் கொட்டிட்டு, மத்தியானத்துக்கு மேல புது மேடைக்கு வந்துடறோம்."

"பின்னால தள்றதும் நீதானா?"

"ஏன், நாற்காலிய இப்பவே துடைச்சு வைக்கப் போறியா?"

"துடைச்சே வச்சிருக்கேன்" என்றார் லைல்.

கழிவைக் கொட்டிவிட்டு நேரே வறண்ட ஏரிக்குப் போனார்கள். வெடித்த சேறு காய்ந்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கிற இடம். முட்டிக்கொள்ள ஒரு செடிகூடக் கிடையாது. காலித் தண்ணீர்க் கேன்களை நாலு மூலையில் வைத்து, அதுதான் மேடை என்று வைத்துக்கொண்டார்கள். வெல்டா முதல் தடவை பின்னால் தள்ளினாள். இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போயிற்று. வலது பக்கம் திருப்பினால் இன்னும் மோசமாக வலது பக்கம் போனது மாதிரி இருந்தது. பிக்கப்பும் டிரெய்லரும் மடக்கின கத்தி மாதிரி மூக்கோடு மூக்கு முட்டப் பார்த்தன. ஒரு கேன் டப்பென்று வெடித்தது.

"எது போச்சு?" என்று கேட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்லன்.

"என் மானம்."

நாலாவது தடவை இரண்டாவது கேனும் போனபோது ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். ஆர்லன் சொன்னார்: "கையை மேல வைக்காதே. ஸ்டீயரிங் வட்டத்துக்கு அடிப்பக்கம் வை. பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கமே தள்ளு. யோசிக்காதே."

செய்து பார்த்தாள். டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டது. சந்தோஷம் வருவதற்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இவ்வளவுதானா? இருபது வருஷமா இதை ஏன் எனக்குச் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"கேட்டேன். இரண்டாவது வருஷம் கேட்டேன். 'உனக்கெதுக்கு அதெல்லாம்'ன்ன."

ஆர்லன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா, சொன்னேன்" என்றார் கடைசியில். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை. அவளும் இழுக்கவில்லை, வேலை கிடந்தது.

வெயில் சாய்கிறபோது மூன்றுக்கு இரண்டு தடவை கேன்களுக்கு நடுவே நிறுத்தினாள். திரும்பும் வழியில் ஆர்லன், "நான் இறங்கிப் பின்னால நிக்கறேன்" என்றார்.

"எதுக்கு? உனக்கு என்ன தெரியப் போகுது? பேசாம உள்ள உக்காரு."

"பின்னால ஆள் நிக்காம எப்படி வெல்டா? எல்லாரும் பாப்பாங்க. நான் சும்மா கையைக் காட்டறேன். நீ உன் கண்ணாடியைப் பாத்து ஓட்டு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வதைப் பார்த்தாள். சரி என்றுவிட்டாள்.

முகாமே அங்கே உட்கார்ந்திருந்தது. இரண்டு வரிசை நாற்காலி, நடுவில் லைல், மடியில் பாப்கார்ன். ஆர்லன் இறங்கி, டிரெய்லரின் பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் போய் மேடையின் கோடியில் நின்றார். ரேடியோ கிடையாது. பழைய காலத்து மாதிரி கையைத் தூக்கினார்.

வெல்டா பின்னால் தள்ளினாள். அவர் கை இடது பக்கம் வா என்றது. இடது பக்கம் பாறை இருந்தது. அவள் அடியில் வைத்த கையை வலது பக்கம் தள்ளினாள், அதிகமாகத் தள்ளிவிட்டாள், டிரெய்லர் கள்ளியைப் பார்த்துப் போனது. நிறுத்தி, முன்னால் எடுத்து, மறுபடி ஆரம்பித்தாள். லைலின் கிசுகிசு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவர் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு ஆர்லனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லனோ வண்டிக்கு நேராக நிற்காமல் கள்ளிக்கு நேராக நின்று, ரொம்பத் தைரியமாக, வா வா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை நேராகப் போயிற்று. பாறை தள்ளியே நின்றது, கள்ளி தள்ளியே நின்றது. மேடைக்கோடியில் கிடந்த மரக்கட்டை கண்ணாடியில் தெரிந்தது. இன்னும் நாலடி பின்னால் போக வேண்டும். அப்போது ஆர்லன் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தார்.

வெல்டாவின் கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே நின்றது. நாலடி போனால் வேலை முடியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் கையைக் குறுக்கே வைத்து நிற்கிறார். அவரை மீறி ஒரு அங்குலம்கூடப் போக அவளுக்கு மனசு வரவில்லை. பிரேக்கை அழுத்தினாள்.

கூட்டம் கைதட்டியது. டிரெய்லரின் மூக்கு பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது, பிக்கப் பாதையை அடைத்து நின்றது. அதைச் சொல்லத்தான் ரோசலி பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் ஆர்லனைப் பார்த்தாள். வண்டி நின்று எவ்வளவோ நேரமாகியும் கள்ளியைப் பார்த்துக் கையைக் குறுக்கே வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். குழாய் விஷயம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இருக்கட்டும் அக்கா" என்றாள் ரோசலி மெதுவாக. "இன்னிக்கு இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க. கொக்கியை அவுக்காம அப்படியே விடு. காலைல பாத்துக்கலாம்."

சாப்பாட்டுக்கு முன்னால் ஆர்லன் படியிறங்கி வெளியே போனவர் உடனே திரும்பி வந்தார். "எவ்வளவு பாக்கி?" என்றார்.

"எது?"

"படியிறங்கினா மேடை மணல் காலுல படணும். பாதை ஜல்லி படுது. எவ்வளவு பாக்கி?"

"ஒண்ணும் இல்ல."

"வெல்டா."

"நாலடி."

ஆர்லன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் கையை வச்சதாலயா நிறுத்தின?"

"ஆமா."

"முட்டாள்."

"ஆமா, முட்டாள்தான். அதுக்கென்ன இப்ப?"

"இனிமே அப்படி நிறுத்தாதே. இன்னிக்கு நாலடி. நாளைக்கு நான் தப்பாக் காட்டி நீ என் மேலயே ஏத்துவ." அவர் குரல் உடைந்தது. மறைக்கவில்லை. "என்னால முடியல வெல்டா. கையைத் தூக்கிக்கிட்டு அங்க நிக்கறப்ப எதுவுமே தெரியல. சத்தம் மட்டும்தான் வருது. பயமா இருந்தது."

இந்தத் தடவை அவர் கையைப் பிடித்தபோது அவள் உதறவில்லை. "நாளைக்கு மேட்டுல ஏறிக் கொரின்கிட்ட நானே சொல்லிடறேன். அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, அம்மா ஓட்டறான்னு. அந்தத் திரைச்சீலையைக் கழட்டி வேற எங்கயாவது மாட்டிக்கட்டும்" என்றாள்.

காலையில் காபி குடித்ததும் ஆர்லன் தன் மடக்கு நாற்காலியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையைத் தாண்டினார். வெல்டா சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிவழியே பார்த்துக்கொண்டிருந்தாள். லைலின் டிரெய்லர் வாசலில், லைலுக்குப் பக்கத்தில் நாற்காலியை விரித்தார். உட்காருமுன் பின்னால் ஒரு கையை நீட்டி நாற்காலி எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"லைல்" என்றார், நாலு டிரெய்லருக்குக் கேட்கிற குரலில். "எனக்குக் கண்ணு போச்சுய்யா. நடுவுல ஒண்ணும் தெரியல. என்ன நடக்குதுன்னு சொல்லு. கிசுகிசுன்னு சொல்லாதே, சத்தமாச் சொல்லு."

லைல் தன் நாற்காலியை ஆர்லன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையை இரண்டு தரம் கனைத்துக்கொண்டார். வெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை ஸ்டீயரிங்குக்கு அடியில் வைத்து, பின்னால் தள்ள ஆரம்பித்தாள்.

"கிளம்பிட்டா" என்றார் லைல். "மெதுவா வர்றா. பாறைக்கு இந்தப் பக்கம் நல்லா இடம் இருக்கு. கள்ளிக்கும் இருக்கு. வர்றா, வர்றா. கட்டை கிட்ட வந்துட்டா. நின்னுட்டா."

"நேராவா நிக்குது?" என்று கேட்டார் ஆர்லன்.

லைல் எழுந்து நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"உன்னைவிட நேராய்யா."